“நான் காணவில்லை” என்பது மறுமொழியாகுமா?

“ஐயா, நான் காணவில்லை.”

நீதவான் மன்றங்களில் இருபது ஆண்டுகளாக நின்றுவரும் எனக்கு, இம்மூன்று சொற்களைப் போலக் கேட்டுக் கேட்டுச் சலித்தவை வேறில்லை. கார் ஓட்டியவர் சொல்கிறார். லொறிச் சாரதி சொல்கிறார். உழவு இயந்திரத்தை ஒழுங்கைக்குள் திருப்பியவர் சொல்கிறார். படித்துப் பட்டம் பெற்ற உத்தியோகத்தரும் ஒரு சொல்லும் மாறாமல் அதையே சொல்கிறார். சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பதே இதிலுள்ள கொடுமை. பட்டப்பகல், நேரான வீதி, மழையில்லை, புகையில்லை. எதிரே வந்துகொண்டிருந்ததோ ஆள் ஏறிய மோட்டார் சைக்கிள். இருந்தும் அவர் காணவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் சில காலத்துக்கு முன் என் கந்தோருக்கு வந்தார். தோட்டத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளை. தன் பக்கத்தில், தன் வழியில், அளவான வேகத்தில் வந்தவன். எதிரே வந்த கார் வலப்புற ஒழுங்கைக்குள் திரும்புவதற்காக அவன் முன்னே குறுக்கிட்டது. அவ்வளவே. கார்ச் சாரதியின் வாக்குமூலத்தை நான் வாசித்துக் காட்டியபோது அந்தத் தாய் அழவில்லை. “தம்பி, என்ரை பிள்ளை ஆறடி உயரம். அவனை எப்பிடிக் காணாமல் விடுவினம்?” என்று மட்டுமே கேட்டார்.

என் அலுமாரியிலுள்ள சட்டப் புத்தகங்களில் இக்கேள்விக்கு விடையில்லை. பிற நூல்களையும் அறிக்கைகளையும் புரட்டினேன். அவற்றில் கண்டவற்றையும், அவற்றைக் கொண்டு நாம் செய்யத் தக்கன என எனக்குத் தோன்றுவனவற்றையும் இங்கே எழுதுகிறேன். அரசியல் எழுத வேண்டிய பக்கத்தில் மோட்டார் சைக்கிளா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. இந்நாட்டு வீதிகளில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2500 முதல் 3000 பேர் வரை மடிகின்றனர். அவர்களுள் மிகப் பெரிய கூட்டம் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. உழைக்கும் வயதினர் இவ்வாறு வீதியில் குறைந்துகொண்டே போவது அரசியல் அன்றேல் வேறென்ன?

வடபகுதி மக்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு தனியானது. 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், துளிப் பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை எமது தலைமுறை. அன்று வீதிகளை நிறைத்திருந்தவை துவிச்சக்கர வண்டிகள். ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறதென்றால் ஓசைக்கு முன் புகையே அறிவித்துவிடும். அந்த மெதுவான வீதியில் பழகிய பழக்கங்களை, சந்தியில் நில்லாமல் நுழைவதை, பக்கத்தில் வருபவனுடன் கதைத்துக்கொண்டே ஓடுவதை, திரும்பிப் பாராமல் திரும்புவதை, 2009இன் பின் அமைந்த அகன்ற காபெற் வீதிகளுக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டோம். தவணைப் பணத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியும் 2025இல் மீளத் திறக்கப்பட்டுவிட்டது. புதிய வண்டிகளும், அவற்றோடு புதிய சாரதிகளும் வீதிக்கு இறங்குகின்றனர்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவேன். ஆறடி மனிதனைக் கண் எப்படித் தவற விடுகிறது?

பார்த்தல் வேறு, காணல் வேறு. மனிதக் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவிலுள்ள சிறு வட்டம் மட்டுமே. கையை முழுதும் நீட்டிப் பெருவிரலைப் பார்த்தால் அவ்விரலின் அகலமளவே அது. மற்றைய பரப்பெல்லாம் மங்கல். ஆகையால் கண் ஓரிடத்தில் தங்கிப் பின் மற்றோரிடத்துக்குத் தாவித் தாவியே வீதியைத் துழாவுகிறது. தாவும் அக்கணத்தில் நாம் எதையும் காண்பதில்லை. மூளை அந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பி, முழு வீதியையும் பார்த்துவிட்டாய் என்று நம்மிடம் சாதிக்கிறது. சந்தியில் நிற்கும் சாரதி அவசரத்தில் தலையை ஒரு வீச்சாக வலமும் இடமும் திருப்பினால், காரும் பஸ்ஸும் அவ்விடைவெளிக்குள் அடங்கா; அவை பெரியன. மெலிந்த மோட்டார் சைக்கிளோ அடங்கிவிடும். அன்றியும், காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் பக்கத் தூண் சற்றுத் தள்ளி வரும் ஒரு மோட்டார் சைக்கிளை ஆளோடு சேர்த்து மறைக்கப் போதுமானது.

கண்டவர்களும் கணக்குத் தவறுவர். எமக்கு நேரே வரும் சிறு பொருள் பார்வையில் இடப்புறமும் நகராது, வலப்புறமும் நகராது; சிறிது சிறிதாகப் பருக்கும், அவ்வளவே. அந்தப் பருமன் மாற்றம் தூரத்தில் தெரியவே தெரியாது. கிட்ட வந்தபின் திடீரெனப் பெருகும். சிறியது தூரத்தில் இருக்கிறது என்பது குழந்தைப் பருவம் முதல் எம் மூளை படித்த பாடம். ஆகவே லொறியும் மோட்டார் சைக்கிளும் ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் வந்தாலும், லொறிக்கு நிற்பவர் மோட்டார் சைக்கிளுக்கு நிற்பதில்லை. “அவன் அங்கேதானே வருகிறான்” என்று திரும்புகிறார். இதில் இன்னுமொன்று கலந்திருப்பதாக என் சொந்த ஐயம்: தன்னை நசுக்கக் கூடியதைத்தான் கண் முதலில் தேடுகிறது. மோட்டார் சைக்கிளால் கார்க்காரருக்கு வரும் ஆபத்து மிகச் சிறிது.

இது எம்மூர்க் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை, நடந்த இடத்துக்கே சென்று பேராசிரியர் ஹரி ஹர்ட் தலைமையிலான குழு ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1981இல் வெளிவந்தது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துக்களில் மூன்றில் இரண்டு பங்கு, மற்றச் சாரதி மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியைப் பறித்ததால் நேர்ந்தவை. காரணங்களுள் தலையாயது, அச்சாரதிகள் மோட்டார் சைக்கிளைக் கண்டுகொள்ளாமையே. ஆபத்து உருவாகும் கணத்துக்கும் மோதும் கணத்துக்கும் இடையே ஓட்டுபவனுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. இன்னுமொரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது: விபத்தில் சிக்கியோருள் 92 வீதத்தினர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். எம்மூரில் அண்ணனோ மாமனோ பள்ளிக்கூட மைதானத்தில் அரைமணி நேரம் காட்டிக் கொடுத்ததைத் தவிர வேறு பயிற்சி பெற்றோர் எத்தனை பேர்?

இவ்வளவும் சொன்னதால், காணாத சாரதி குற்றமற்றவர் என்று வாதாட வந்தேனென எண்ணிவிட வேண்டாம். சட்டத்தின் கண்ணில் “நான் காணவில்லை” என்பது எதிர்வாதமன்று. பெரும்பாலும் அது குற்ற ஒப்புதல். கண்ணின் குறை எல்லோர்க்கும் பொது. அக்குறையை அறிந்து, ஒரு முறைக்கு இரு முறை பார்த்து, ஐயமிருப்பின் நின்று, பின் திரும்புவதே கவனம் எனப்படும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கவனயீனமாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. கவனயீனமான செயலால் ஒருவர் இறப்பின், தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நட்டஈட்டு வழக்கும் உண்டு. அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். செத்த வீட்டுத் துயரில் இக்காலத்தைக் கடத்திவிட்டு வருவோர் பலரைக் கண்டதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் நெடுங்காலமாக எதை அளந்து வந்தது தெரியுமா? எம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டப்படி தொடுக்கப்பட்ட இவ்வகை வழக்கு, 2019இல் சட்டம் மாற்றப்படும் வரை, பணவகை நட்டத்தையே அளந்தது. இறந்தவன் உழைப்பில் எவர் உண்டனர், எவ்வளவு உண்டனர், இன்னும் எத்தனை ஆண்டு உண்டிருப்பர் என்பதே அன்றைய கணக்கு. குழந்தையை இழந்த ஒரு தந்தையின் வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், மனத்துயருக்கு நட்டஈடு இல்லை என்பதையே உறுதிசெய்தது. அந்தத் தாய்க்கு இதை விளக்க நேர்ந்த நாள் என் தொழிலில் நான் வெட்கப்பட்ட நாட்களுள் ஒன்று. ஓட்டியவனிடமும் தவறு இருந்ததெனக் கண்டால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவன் பங்குக்கு ஏற்ப நட்டஈடும் குறையும். தலைக்கவசம் அணிந்திருந்தானா, விளக்கு எரிந்ததா, என்ன வேகம் என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அடுக்கும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல வேண்டியவன் சுடலைக்குப் போய்விட்டான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மாலை மன்றிலிருந்து திரும்புகையில், காரை ஓட்டிக்கொண்டே கட்சிக்காரர் ஒருவருடன் கைத்தொலைபேசியில் பேசினேன். அது குற்றமென்று அறியாதவனல்லன். அதே குற்றத்துக்காகப் பிறருக்குத் தோன்றி வாதாடியவன். பேச்சின் நடுவே எங்கள் ஒழுங்கைக்குள் வலப்புறம் திரும்பினேன். பிரேக் கிறீச்சிட்ட ஓசை கேட்ட பின்புதான், என் கதவிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கண்டேன். அதில் ஒரு தகப்பனும், புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சிறுமியும். அவர் என்னை ஏசவில்லை. “ஐயா, போனை வைச்சிட்டு ஓடுங்கோ” என்றார். நான் சொன்ன மறுமொழி என்ன தெரியுமா? “தம்பி, நான் காணேல்லை.”

காரோட்டும் உத்தியோகத்தரே, வைத்தியரே, ஆசிரியரே, என்னைப் போன்ற சட்டத்தரணியே! வலப்புறம் திரும்பும் ஒவ்வொரு முறையும், பிரதான வீதிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும், பார்வையை ஓரிடத்தில் தங்கவிட்டுப் பாருங்கள். தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துத் தூணின் மறைவையும் நீக்குங்கள். பின் இன்னொரு முறை பாருங்கள். கார் வருகிறதா என்றல்ல, மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று. தேடுவதையே கண் காணும். வீதியோரம் நிறுத்திய காரின் கதவை உள்ளிருந்து திறக்குமுன் பின்னால் பாருங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். திறந்த கதவு பட்டு விழுபவன், விழுந்த இடத்திலேயே பின்னால் வரும் பஸ்ஸுக்கு இரையாகிறான்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பி தங்கையரிடம் நான் சொல்வது வேறு. வழி உங்களுடையதுதான், சட்டமும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்தச் சட்டம் விபத்தின் பின்னரே பேசத் தொடங்கும். ஆகவே எவரும் உங்களைக் காணவில்லை என்றே எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள். இது அநியாயமல்லவா, காணாதவன் பிழைக்குக் கண்டவன் ஏன் அஞ்சி ஓட வேண்டும் என்று ஓர் இளைஞன் கூட்டமொன்றில் என்னிடம் கேட்டான். அநியாயந்தான். அந்த அநியாயத்தை எதிர்த்து நான் மன்றில் வாதாடுகிறேன். வாதாடும் நாளில் அவன் சாட்சிக் கூண்டில் உயிரோடு நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு வினாடியில் 33 மீற்றர், அதாவது 100 அடிக்கு மேல் கடந்துவிடும். ஹர்ட் அறிக்கை சொல்லும் அந்த இரண்டு வினாடிக்குள் கண்டு, அஞ்சி, முடிவெடுத்து, கையைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கே பெரும்பகுதி போய்விடும். ஆகையால் ஒழுங்கை வாயிலை, சந்தியை, எதிரே வலப்புறச் சமிக்ஞை போட்டு நிற்கும் காரைக் கண்டவுடனேயே வேகத்தைத் தளர்த்தி, விரல்களைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாரதி உங்களைப் பார்த்தார் என்பதை நம்ப வேண்டாம். கண் உங்கள் மேல் இருந்தும் மனம் வேறெங்கோ இருக்கலாம். காரின் முன்சில்லைப் பாருங்கள். கார் நகரப் போவதைச் சில்லு முதலில் சொல்லிவிடும். வீதியில் நேர்கோடாக வராமல், இடமிருக்கும்போது உங்கள் பாதைக்குள்ளேயே சற்று இடமோ வலமோ நகர்ந்து வந்தால், அசையாப் புள்ளியாய் நின்ற உருவம் அசைந்து காரோட்டியின் கண்ணில் படும்.

பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுங்கள். மலேசியாவில் 1992இல் இதைக் கட்டாயமாக்கியபின், கண்ணுக்குப் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் கணிசமாகக் குறைந்தனவென அந்நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் விளக்கு இயந்திரத்தோடு சேர்ந்து தானே எரியும்படி அமைக்கப்படுகிறது. எம்மூரிலோ, பகலில் விளக்கெரியக் கண்டால் எதிரே வருபவர் கைவிரல்களை விரித்து மடக்கி, “லைட் எரியுது” என்று நினைவூட்டுவார். நல்ல மனம். அவருக்குத் தலையசைத்து நன்றி சொல்லுங்கள்; விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். முன்சில்லுப் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று எமக்குப் பழக்கிய அண்ணன்மார் பயமுறுத்தி வைத்தனர். உண்மையில் வண்டியை நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன்சில்லிலேயே உள்ளது. பின்பிரேக்கை மட்டும் பலங்கொண்ட மட்டும் மிதிப்பவன் சில்லு இறுகிச் சறுக்குகிறான். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பிடிக்க, வெறுமையான வீதியொன்றில் பல நாள் பழக வேண்டும். ஆபத்து வந்த நேரம் கை பழகியதையே செய்யும். மாரியின் முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்து வீதி வழுக்கும். வலிகாமத்தின் செம்மண் ஒழுங்கைகளிலிருந்து உழவு இயந்திரச் சில்லுகள் இழுத்துவந்த சேறு சந்திகளில் கிடக்கும். நின்ற பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்துவோரையும், திரும்பும் லொறியின் உட்பக்கத்தில் நுழைவோரையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பத்தியன்று.

தலைக்கவசத்தின் வரலாறு அறியத்தக்கது. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற ஆங்கிலேயர், 1935 மே மாதத்தில், துவிச்சக்கர வண்டியில் சென்ற இரு சிறுவர் மேல் மோதாதிருக்க மோட்டார் சைக்கிளை ஒதுக்கித் தூக்கியெறியப்பட்டார். நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் மாண்டார். அவர் தலையில் கவசமில்லை. அவரைப் பார்த்த வைத்தியருள் ஒருவரான ஹியூ கெயின்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் அச்சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973 ஆயிற்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த மதிப்பீடு, கவசம் மரணத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

எம் நாட்டில் ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவர்க்கும் அது கட்டாயம். முகம் முழுவதையும் மூடும் கவசத்தைப் பொலிசார் 2015இல் தடைசெய்ய முற்பட்டு, விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது வேறு கதை. என் மனக்குறை வேறு. பொலிசார் நிற்கும் சந்தி வரை கவசம் முழங்கையில் தொங்குகிறது. சந்தி கடந்ததும் மீண்டும் முழங்கைக்கே இறங்குகிறது. அணிந்தவரும் நாடாவைப் பூட்டுவதில்லை. பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னரே கழன்று ஓடிவிடும். தாய்க்கும் தந்தைக்கும் கவசமிருக்க, நடுவில் இருக்கும் பிள்ளையின் தலை வெறுந்தலையாய் இருப்பதை எம் வீதிகளில் நாள்தோறும் காண்கிறேன். காலையில் பள்ளிக்கூட வாசலில் சற்று நின்று பாருங்கள்.

கமக்கார அன்பர்களே! இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படித்துவிட்டு, கார்க்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் பட்ட பாடு என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். இரவில் வீதியில் சாகும் மோட்டார் சைக்கிளோட்டிகளுள் ஒரு பகுதியினர், எம் கமத்திலிருந்து வந்த பொருள்களில் மோதியே சாகின்றனர். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி வைக்கோலேற்றி மெல்லப் போகிறது. அல்லது சில்லுக் காற்றுப்போய் ஓரத்தில் நிற்கிறது. எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணைப் பறிக்க, 60 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் அந்தப் பெட்டியைக் காண்பதற்கும் அதில் மோதுவதற்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரமும் இல்லை. சிறிய மோட்டார் சைக்கிளின் விளக்கு காட்டும் தூரத்துக்குள் அவனால் நிறுத்தவும் இயலாது. லான்ட்மாஸ்ரர் வண்டியின் பெட்டிக்கும் இதுவே கதி. இங்கே “நான் காணவில்லை” என்று சொல்லும் உரிமை மோதியவனுடையது. காணும்படி செய்யாத குற்றம் எம்முடையது.

அறுவடைக் காலத்தில் காபெற் வீதியின் பாதியில் நெல் காய்கிறது. அது பறந்து போகாமலும் வாகனம் ஏறாமலும் இருக்கச் சுற்றிலும் கல்லும் கட்டையும். களமில்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியை நான் அறிவேன். நானும் கமக்காரன் மகனே. ஆயினும் மாலையில் நெல்லை அள்ளியவர் கல்லை அள்ளாமல் போனால், இருட்டில் அக்கல் யார் பிள்ளையைத் தூக்கியெறியும் என்பது எவர்க்கும் தெரியாது. சிந்திய நெல் சில்லின் கீழ் மணலைப் போல உருளும். கட்டாக்காலி மாடுகளோ இரவானதும் வெப்பம் தேடி வீதியிலேயே படுக்கின்றன. கிளிநொச்சிப் பக்கத்துக் கூட்டமொன்றில் இதை நான் எடுத்துச் சொன்னபோது, முதியவர் ஒருவர் எழுந்து, “லோயர் தம்பி, மாட்டுக்கு லைட் பூட்ட ஏலுமே?” என்று கேட்டார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். “ஐயா, மாட்டைக் கட்ட ஏலும், பெட்டிக்கு லைட் பூட்ட ஏலும்” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பெட்டிக்குப் பூட்டலாம்” என்று பாதியை ஒப்புக்கொண்டார். மீதிப் பாதிக்கு இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

ஒருவர் வீதியில் இறந்தால் “விதி” என்று சொல்லி எழும்பிவிடுகிறோம். எம்மொழியில் அச்சொல்லுக்குச் சட்டமென்றும் பொருளுண்டு என்பதைச் செத்த வீட்டில் எவரும் நினைவூட்டுவதில்லை. எந்த வீதி எவர் பொறுப்பு என்பதையாவது தெரிந்துகொள்வோம். ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் உள்ளன; சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்தின் கீழ்; உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைகளின், நகர சபைகளின் கீழ். ஒழுங்கை பிரதான வீதியைச் சந்திக்கும் இடத்திலேயே பெரும்பாலான மோதல்கள் நேர்கின்றன. அவ்விடத்திலேயே இரு அதிகாரங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்குகின்றன. ஒழுங்கை வாயிலில் மதிலுக்கு மேலாகத் தழைத்த செடியை வெட்டுவதற்கும், நிற்கும் கோட்டை வெள்ளைப் பூச்சால் வரைவதற்கும், மறைவான முடக்கில் குவிகண்ணாடி ஒன்று நடுவதற்கும் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கும் அதிகாரமும் சபைகளிடமே உண்டு. 2025 மே மாதத்தில் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களிடம், எம் வட்டாரத்து ஒழுங்கை வாயில்களை ஒரு முறை மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேட்போம். அவர்களுட் பலர் மோட்டார் சைக்கிளிலேயே சபைக்கு வருகின்றனர். கேள்வி அவர்களுக்கு விளங்கும்.

வேகத் தடையும் தண்டப் பணமும் பற்றி எழுத வேண்டியது இன்னும் உண்டு, இடம் போதாது. அந்தத் தாயின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி மேலும் எழுதுவது முறையன்று.

சிவப்பு ஒளிதெறிக்கும் நாடா இரண்டு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டியின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ஒட்டச் சில முழமே போதும். எம் பகுதிக் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவற்றைக் கொண்டு வருவேன். நாடா சேற்றின்மேல் ஒட்டாது. பெட்டிகளைக் கழுவி, காயவிட்டு வைத்திருங்கள்.